லவ் கேக் எத்தனை டிகிரி

— கஜு எரிச்சதுக்கு அம்பத்திரண்டு டிகிரி. லாப் கொப்பியில எழுது ஷெரோமி. ஒரே ஒரு கஜுக் கொட்ட, தண்ணி இருபத்தெட்டுல இருந்து அம்பத்திரண்டு! நோன்போட இந்த வாசத்த மோந்துக்கொண்டு நிக்கிறன், அல்லா ரெட்ட நன்ம தரோணும்.

— நானும் தவக்காலத்துக்கு இனிப்பு விட்டிருக்கிறன் நிம்றா. சரி, அடுத்தது இது. ஊசியில குத்து.

— மினுங்கல் பேப்பர்... புள்ள, கிறிஸ்மஸ் லவ் கேக்கா? மார்ச்சிலயா?

— நத்தாருக்கு அம்மா செஞ்சது. பெட்டி நிறைய வச்சிட்டுப் போனவ. வாற ஆக்களுக்குக் குடுத்துக் குடுத்து முடிஞ்சிட்டுது போல. கடைசித் துண்டை நான்தான் ஃப்ரிஜ்ஜுக்குள்ள ஒளிச்சு வச்சனான்.

— ஒங்கம்மா இத்தாலிக்கு வேலைக்குப் போக முந்தி செஞ்சதா? அத எரிக்கவா கொணந்த? மண்டேல ஏதும் ஈக்கா?

— எதில எவ்வளவு சூடு எண்டு எரிச்சுப் பாக்க டீச்சர் வீட்டுப் பலகாரம் கேட்டவ தானே.

— ஒரு கொக்கிஸ் கொணந்தா காணுமே!

— வச்சு என்ன செய்யிறது? ஒவ்வொரு ஞாயிறும் அம்மா அங்கயிருந்து ஃபோன் கோல் எடுத்து, "அப்பா என்னைப் பற்றி ஏதும் கதைச்சவரா?" எண்டுதான் முதல் கேக்கிறா. அவர் ஒரு சொல்லுக் கதைச்சா ஈஸ்டருக்கே வந்திடுவாவாம். இவர் ஃபோனைத் தொடவே மாட்டார். "போனவ போனவதான்." அவ்வளவுதான். எரி.

— ஒங்கப்பாக்கு சுகர் வருத்தம் தானே, அது கூடினா கோவம் வரும் புள்ள. எங்கட வாப்பாவும் அப்பிடித்தான்.

— அதையேன் கேக்கிறாய்! மூண்டு மாசமா ஏறிக்கொண்டே போகுது. தேத்தண்ணிக்கு நான் சீனியே போடுறதில்ல. கிளினிக்கில ஏச்சு வாங்கினது நான்.

— ஷெரோமி... பேப்பரப் பிரிச்சிட்டன். இங்க பாரு.

— ஐயோ மாதாவே! முழுத்துண்டெல்லோ வச்சனான்!

— எலி போல.

— எலி திண்டுட்டுப் பேப்பரைத் திரும்ப முறுக்கி வைக்குமா?

— அப்ப ஆரு? சின்னச் சின்னக் கடி. இந்தா, நடுவுல ஒரு பல்லு பதியவே இல்ல... புள்ள, ஒங்கப்பா நோபேட் அங்கிளுக்குத் தானே முன்பல்லு இல்ல?

— அப்ப பெட்டி முடிஞ்சதும் இவராலதான்... சுகர் ஏறினதும்...

— ஏன் அழுற? டீச்சர் பாக்கிறாங்க. எரிக்கவா, வேணாமா?

— பேப்பரைத் தா. அவர் முறுக்கின மாதிரியே முறுக்கோணும். இல்லாட்டிக் கண்டுபிடிச்சிடுவார்.

— அப்ப லவ் கேக்குக்கு எத்தன டிகிரி எண்டு எழுத?

— விடு, வெறுமையா இருக்கட்டும். ஞாயிறு அம்மா கேட்டா நான் சொல்லுறன், அப்பா கதைச்சவர் எண்டு.