சவுண்டு சரியில்லை

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து ஐயம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“படம் மொக்கையா இருக்கணும்னு வேண்டிக்கினுதான் போனேன்க்கா.”

“யாரு படம்?”

“என்கூட காலேஜ்ல படிச்சாளே, பர்வீன். கம்பெனி பஸ்ல ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போற பொண்ணுங்களப் பத்தி எடுத்திருக்கா. நேத்து சாயங்காலம் ஸ்கூல் ஹால்ல போட்டா.”

“நீயும் அப்ப படம் எடுக்கறேன்னு சொல்லிக்கினு இருந்தியே.”

“அதான்கா வயித்தெரிச்சல். கல்யாணம் ஆனதும் நான் விட்டுட்டேன். அவ விடல. புரொட்யூசர் யாரும் வரல. அஞ்சு வருஷம் அவளே கேமராவத் தூக்கிக்கினு அலைஞ்சா.”

“படம் எப்படி?”

“எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. வெளிய வந்ததும் என் கையப் புடிச்சிக்கினு, ‘நீ சொன்னாதான் நம்புவேன், எப்படிடீ இருந்துது?’ன்னு கேட்டா. சவுண்டு சரியில்லன்னு சொல்லிட்டேன்.”

“நெசமாவே சரியில்லையா?”

“அந்தப் பொண்ணுங்க நம்ம பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்துதுக்கா.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். இளையவள் சிரிக்கவில்லை.

“காலையில போன் பண்ணா. முழுப் படத்தையும் ரெண்டு தடவ போட்டுக் கேட்டாளாம். ‘எந்த எடம்னு மட்டும் சொல்லு, சரி பண்ணிடறேன்’ங்கறா. எந்த எடத்தக்கா சொல்றது?”