சவுக்காரம் வச்சு அடைச்ச டாங்கி

ஹலோ... ஹலோ... ஆலங்குடி ரைஸ் மில்லுங்களா?... ஆமாங்க, புதுக்கோட்டையிலேருந்துதான். பஸ் ஷெட் ஃபிட்டர் அடைக்கலம் பேசுறேன்... இல்லைங்க, நெல்லு விசயம் இல்லை. ஒங்க மில்லுக் களத்துல ஒரு பழைய பச்சை வேன் நிக்கிதுல்ல? ஊரு ஊராப் போயி படம் காட்டுறவரு, வேனுக்குள்ளேயே பலகை போட்டுப் படுத்துக் குடும்பம் நடத்துறாரே... ஆமாங்க, ஆமாங்க, பெரியண்ணன். எனக்கு மச்சான். அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க, அவசரம்...

என்னது, பூசணிக்காயா? மேல கற்பூரம் வச்சாச்சா?... ஏத்திட்டாங்களா?... பொழுது சாயட்டும்னு இருக்காங்களா. சரி, சரி... கணக்குப்பிள்ளை ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், நீங்களே எந்திரிச்சு ஓடுங்க. வத்திப்பெட்டியை யாரும் தொடவேணாம்னு சொல்லிட்டு, அவரைக் கையோட இங்கிட்டு கூட்டிக்கிட்டு வாங்க... காரணம் அப்புறம் சொல்றேன்யா, ஓடுங்க...

...

யாரு, எக்ஸ்சேஞ்சுங்களா?... தெரியுங்க, மூணு நிமிஷம்தான். இன்னொரு மூணு நிமிஷம் சேத்துக் குடுங்க. உசுரு விசயம், நடுவுல வெட்டிப்புடாதீங்க...

...

மச்சானா?... நான்தான் அடைக்கலம்... இருக்கேன், நல்லா இருக்கேன், அதை விடுங்க. கண்டக்டர் நாகராசு இப்பத்தான் அங்கிட்டிருந்து வந்து எறங்குனான். வேனுக்குள்ள நாலு நாளா என்னமோ வாசம் வருதுன்னும், அழகி மயக்கம் போட்டு விழுந்துச்சுன்னும் சொன்னான்... ம்... ம்... பொழுது சாயவும் வருதா... யாரு? எங்க அக்காவா?... மச்சான், செத்துப்போயி மூணு வருசம் ஆச்சு. அழகி சின்னப்புள்ளை, ரெண்டாந்தாரமா வந்தது, மூத்தவ பேரைக் கேட்டுக் கேட்டுப் பயந்து போயி எதையாவது சொல்லும்...

நீங்களும் பாத்தீங்களா?...

எப்படி நின்னுச்சு?... ம்... ஈரச்சேலையோடயா... அதே பச்சைச் சேலையா...

இல்லை மச்சான். இல்லை. கேளுங்க. அது அக்கா இல்லை, பெட்ரோலு. எங்கிட்டோ கசியுது... நான் சொல்றதைக் கேளுங்க மொதல்ல. டாங்கி எங்க இருக்கு, டிரைவர் சீட்டுக்கு அடியில. நீங்க படுக்குறது அதுக்குப் பின்னால, தரையோட. பெட்ரோல் ஆவி மேல போகாது மச்சான், கீழதான் படுத்துக் கிடக்கும். ராவெல்லாம் அதை இழுத்துக்கிட்டுத் தூங்குனா தலை சுத்தத்தான் செய்யும். இல்லாத ஆளெல்லாம் வந்து நிக்கத்தான் செய்யும்... பூசாரி சொன்னாரா? பூசாரி டாங்கிக்கு அடியில குனிஞ்சு பாத்தாரா?... கோவிச்சுக்காதீங்க. ஒங்களைச் சொல்லலை.

சரி, டாங்கியிலேருந்து எறங்குற செம்புக் குழாயை எப்பவாவது தடவிப் பாத்தீங்களா?... எப்ப?... போன வாரம் கட்டுமாவடியிலயா. சொட்டுச்சா... ஆமா... ஆமா... அடைச்சிட்டீங்களா. எதை வச்சு?...

எதை வச்சு?

...துணி தொவைக்கிற சவுக்காரமா. யாரு மச்சான் ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?... நானா... ஆமா. ஷெட்டுல நான் பண்றதைப் பாத்திருப்பீங்க. எல்லா டிரைவரும் பண்றதுதான்... அடைச்ச பின்னாடியும் வாசம் போகலை, அதுனால அக்காதான்னு முடிவு கட்டிட்டீங்க. ம்... மச்சான், அது முழுசா அடைக்காது, கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆனா பெட்ரோலுக்கு சவுக்காரம் கரையாது. தண்ணிக்குக் கரையும். வேனைக் கழுவுனீங்களா?... சொல்லுங்க. இன்னைக்கி வேனைக் கழுவுனீங்களா?... பூசைக்குன்னு... காலையில... அடியிலயுமா?...

யாரு கழுவுனது, அழகியா... தேங்காநாரு போட்டுத் தேச்சுச்சா.

ஐயோ.

மச்சான், போனை வச்சிட்டு ஓடுங்க. அழகியை வேனை விட்டு எறக்கி அங்கிட்டுத் தள்ளி நிறுத்துங்க. கற்பூரம் வேணாம், அடுப்பு வேணாம், பொழுது போயிருச்சுன்னு லாந்தரைத் தூக்கிக்கிட்டுக் குனிஞ்சு பாத்துறாதீங்க. இஞ்சினையும் முடுக்கவேணாம்...

ஏன் நிக்கிறீங்க?... திருஷ்டி கழிக்காம விட்டா அக்கா அழகியை விடாதுன்னா?... எங்க அக்கா யாரை என்ன பண்ணுச்சு மச்சான், உசுரோட இருந்தப்ப ஒரு கோழியை அடிச்சு வெரட்டியிருக்குமா... கோவமா? ஒங்க மேல கோவமா. எதுக்கு?... பீடிக்கா...

பீடி இல்லை மச்சான்.

அக்கா செத்தது ஒங்க பீடியால இல்லை. என்னால.

...ஆமா. காதுல விழுந்தது சரிதான்... பொங்கலன்னைக்கி நீங்க வேனை எங்கிட்ட விட்டுட்டுப் போனீங்க. டாங்கி அடியில மயிரிழை ஓட்டை. ஈயத்தை உருக்கிப் பத்தணும்னா டாங்கியை எறக்கணும், சுடுதண்ணி ஊத்திக் கழுவணும், ஒரு பகல் போயிரும். விடிஞ்சா மஞ்சுவிரட்டு. நான் அன்னைக்கிச் சாயங்காலமே கிளம்பணும்னு துடிச்சேன். ஒரு துண்டு சவுக்காரத்தை நசுக்கி அப்பிட்டு, ஈயம் பத்தியாச்சுக்கா, எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். வாய் கூசாமச் சொன்னேன்.

மறுநாளு ஊரே மாட்டைக் குளிப்பாட்டுச்சு. நமக்கு மாடு ஏது, இதுதானே சோறு போடுதுன்னு, அக்கா குடம் குடமாத் தண்ணி எறச்சு அடியில படுத்துத் தேச்சிருக்கு... ஆமா, அதான் ஈரச்சேலை... அதோடயே உள்ள போயி அடுப்பைப் பத்தவச்சுச்சு, பக்குன்னு பிடிச்சுக்கிச்சு. நீங்க பீடி குடிச்சுக்கிட்டு வெளியதானே நின்னீங்க? அம்புட்டுத் தள்ளி நின்னவரு பீடி எப்படி மச்சான் உள்ள பத்தும்? ஊரு சொல்லுச்சு, நீங்களும் நம்பிட்டீங்க. பீடியை விட்டீங்க. யாரையும் நிமுந்து பாக்குறதை விட்டீங்க. நான் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு ஒங்களுக்கு ஆறுதல் சொன்னேன்...

அன்னையிலேருந்து நான் சவுக்காரம் தொடுறதில்லை. மண்ணைப் போட்டுத்தான் கையைக் கழுவுறேன். ஷெட்டுல கஞ்சப்பயன்னு கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும்னு இருந்துட்டேன்... 

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. கொல்லக்கூடச் செய்யுங்க, நான் ஆறு மணி பஸ்ஸுல அங்கதான் வாரேன். ஆனா இப்ப ஓடுங்க மச்சான். அழகி தனியா நிக்கிது. வத்திப்பெட்டியும் அங்கதானே கெடக்கு.

மச்சான்?... மச்சான்...

...

போயிட்டாரா... கணக்குப்பிள்ளை ஐயா, நீங்களாச்சும் இருக்கீங்களா?... ஹலோ... மில்லு பெல்ட்டு ஓடுற சத்தம்தான் கேக்குது. யாராவது எடுங்கய்யா...

...

யாரு அது?... மூச்சுச் சத்தம் கேக்குது. யாரு?...

அக்கா?

...ஓ. அழகியா. தங்கச்சி, நீயா... அழுவாத, அழுவாத. வெளிய வந்துட்டியா... ஏத்திட்டியா கற்பூரத்தை?... குச்சியை ஒரசப்போன கையத் தட்டிவிட்டாரா. வலிக்குதா... வலிக்கட்டும் தாயி, நல்லது... பூசணிக்காயைத் தூக்கித் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டாரா. சரி... சரி... இப்ப என்ன பண்றாரு?... வேனுக்கு அடியில படுத்துக்கிட்டா? கையில வெளக்கு இருக்கா?... இல்லையா. ஆமா... வெறுங்கையாலதான் தடவிப் பாக்கணும்... ஈரமா இருக்குன்னு மோந்து பாக்குறாரா. ம்.

தங்கச்சி, நான் சொல்றதை அப்படியே அவருகிட்ட சொல்லு. டாங்கிக்குக் கீழ பெட்ரோலை நிறுத்துற டேப் ஒண்ணு இருக்கும், அதைத் திருகி மூடச் சொல்லு. சொட்டுன எடத்துல மண்ணை அள்ளிப் போடணும். ரெண்டு கதவும் தொறந்தே கெடக்கட்டும். பாய், பலகையெல்லாம் வெளிய எடுத்துப் போட்ரணும், அதுல ஊறியிருக்கும். ராவுக்கு மில்லுலயே படுங்க. நான் வந்து டாங்கியை எறக்கி, குழாயை மாத்தி, ஈயம் பத்தித் தாரேன். இந்தத் தடவை மெய்யாவே பத்துறேன்... அவரு வாராரா? குடு.

மச்சான்...

சொல்லுங்க மச்சான்... எதாச்சும் சொல்லுங்க...

ஆமா... ஆமா, டாங்கியை எறக்கிட்டா நிச்சயம் நின்னுரும்... வராது. ஒரு சொட்டு வராது... வாசமா? அதுவும் வராது மச்சான். நாளைக்கிச் சாயங்காலத்துலேருந்து வராது...

...

அக்காவா?...

...அக்காவும் வராது மச்சான்.

அழுவுறீங்களா... மச்சான்... நம்ம ரெண்டு பேருக்கும் வராது...

வச்சிட்டீங்களா.