ஒத்துழைப்புக்கு நூற்றுக்கு நூறு

எனக்குச் சண்டை சச்சரவு என்றாலே ஆகாது, ஐயா. மாமியாரும் நானும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை. வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் என் வேலை அளப்பது. நர்சுகள் டாக்டரோடும் மருந்தாளரோடும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று வார்டு வார்டாகக் கேட்டு மதிப்பெண் போடுவேன். கேட்டால் என்ன சொல்வார்கள்? "நாங்க ஒரே குடும்பம் மாதிரிங்க" என்பார்கள். எல்லா வார்டுக்கும் நூற்றுக்கு நூறு.

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். "அளந்துட்டு வாங்கன்னா, எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டு வந்திருக்கீங்களேம்மா." அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆண்கள் வார்டில் தலைமை நர்சும் மருந்தாளரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரவல் வாங்கிய குடையை மருந்தாளர் திருப்பித் தராத பகை. பக்கத்தில் நின்றுகொண்டே, "ஊசி மருந்து தீந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்பார் அந்த அம்மா. "காது கேக்குதுன்னு சொல்லுங்க டாக்டர்" என்பார் இவர். இதற்கும் நான் நூறு போட்டிருந்தேன். கேட்டு அளப்பது அளவே இல்லை, கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஜன்னலோரப் படுக்கையில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். என்னைக் கண்டால், "வாங்க பரீட்சை டீச்சர், நான் பாஸா ஃபெயிலா?" என்று வம்புக்கு இழுப்பார். நல்ல மனிதர். ஒரு மருந்து மட்டும் அவருக்குச் சேராது. அப்படிப்பட்டவர்கள் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டியிருப்பார்கள். நகம் வெட்டிவிடுகிற சாக்கில் அதைக் கத்தரித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அதே மருந்தை எழுதினார். சேராது என்பது மருந்தாளருக்குத் தெரியும். ஊசி யாருக்கு என்று அவர் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். தலைமை நர்சாவது சொல்லியிருக்கலாம். இருவருக்கும் குடைதான் பெரிதாக இருந்தது.

ஊசி போட்ட கையோடு கண்டக்டர் முகம் வீங்கி மூச்சு திணறியது. அதன் பிறகு பார்க்க வேண்டுமே அந்த அழகை. "அண்ணே, மாத்து மருந்து எடுத்துட்டு ஓடி வாங்க" என்றார் தலைமை நர்ஸ். அண்ணே என்றார், ஐயா. "இதோ வந்துட்டேன்மா" என்று மருந்தாளர் செருப்பு கழன்று விழ ஓடி வந்தார். ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் குறித்துக்கொண்டேன். கண்டக்டர் பிழைத்தார். குடையும் வீடு திரும்பியது.

கைப்பையில் மேலும் இரண்டு பட்டைகள் ஏன் என்று கேட்டீர்கள். ஒரே ஒரு வார்டை அளந்துவிட்டு வந்து நின்றால் மறுபடியும் சிரிப்பார்கள் அல்லவா? பெண்கள் வார்டையும் எலும்பு முறிவு வார்டையும் அளந்தேன். அங்கே யாரும் அவ்வளவு வேகமாக ஓடி வரவில்லை.

அந்த நோயாளிகள் இருவரை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான், ஐயா. அதனால்தான் தாட்சண்யமே பார்க்காமல் அந்த இரண்டு வார்டுகளுக்கும் பூஜ்யம் போட்டேன்.