விடுகைப் பத்திரம்

ஒட்டுசுட்டான் பஸ்ஸில் முன் சீற்றில் இருந்த ஒரு பெண், "திங்கட்கிழமைக்குள்ள எனக்கு ரெண்டு பிள்ளையள் வேணும்" என்றபோதுதான் காது கொடுத்தேன். அவர் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அதிபர். பக்கத்தில் இருந்தவர் அங்கே படிக்கும் ஒரு சிறுமியின் தாய்.

"ஏன் ரீச்சர்?"

"திங்கள் வந்து எண்ணுவாங்கள். ரெண்டு பிள்ளையள் காணாதெண்டு பள்ளிக்கூடத்தை மூடப்போறாங்களாம்."

"கணக்குக்கு ஒரு ரீச்சர் வந்தால் பிள்ளையள் வருவினம்."

"கேட்டனான். இவ்வளவு கொஞ்சப் பிள்ளையளுக்கு ஆள் தரேலாதாம்."

தாய் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"கோவிக்காதேங்கோ ரீச்சர். மகளை முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தப்போறம். விடுகைப் பத்திரத்துக்கு நீங்கள்தான் கையெழுத்து வைக்கவேணும்."

அதிபர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். "பஸ் நிக்கட்டும். கோணாமல் வைச்சுத் தாறன்."