எட்டு மணித் தண்ணீர்

"ஒரு கிட்னியோட எத்தினியோ பேரு நல்லா இருக்கறாங்கன்னு டாக்டரே—"

"டாக்டரா வந்து நம்ம தறியில குந்துவாரு?"

"முழுசா கேளு கலா. ஆறு மாசத்துல எப்பவும் போல—"

"அந்த ஆறு மாசத்துலதான் எனக்குப் பிரசவம். உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா, கொயந்தைய வெச்சிக்கினு நான் எங்க போவேன்?"

"அவரு எங்க அண்ணன்."

"நீங்க எனக்கு யாரு?"

என் மகள் கலாவதியும் மருமகன் கைலாசமும் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடாமல் பேசிக்கொண்டிருந்தபோது, நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ரசம் நன்றாக அமைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மயில்வாகனத்துக்கும் எல்லாம் கேட்டிருக்கும். அவர்தான் அந்த அண்ணன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனவர். மனைவி, பிள்ளை என்று யாரும் கிடையாது. இது நடந்தது எழுபத்து நான்காம் வருஷம், ஆவணி மாதம்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எனக்கு அவசரமில்லை.

வாரம் இரண்டு தடவை கைலாசம் அவரை பஸ்ஸில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். அங்கே ரத்தத்தை ஒரு மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுவார்கள். அதற்காக அவருடைய இடது மணிக்கட்டில் இரண்டு மெல்லிய குழாய்களைப் பொருத்தி, வெளியே ஒன்றோடொன்று செருகி வைத்திருந்தார்கள். மற்ற நாட்களில் ரத்தம் அந்த வளைவு வழியாகவே ஓடும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் ஒரு கட்டு, கட்டின் ஓரத்தில் எப்போதும் இரண்டு சின்ன கிளிப். குழாய் கழன்றுகொண்டால் இரண்டு பக்கமும் உடனே கிளிப் போட்டு இறுக்க வேண்டும், இல்லையென்றால் சில நிமிஷங்களில் ஆள் போய்விடுவார் என்று நர்ஸம்மா எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். அறுந்த பட்டிழையை முடிந்து பழகிய கை என்பதால், தினமும் கட்டு மாற்றும் வேலை எனக்கு வந்தது.

தண்ணீரும் என் பொறுப்புதான். சிறுநீர் இறங்காத உடம்பில் தண்ணீர் தங்கினால் மூச்சு அடைத்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான். காலை எட்டு மணிக்கு முதல் அரை டம்ளர். அதற்கு முன்னால் ஒரு சொட்டு கொடுத்ததில்லை. அவரோ விடிந்ததிலிருந்து "அத்தை, தண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஆரம்பத்தில் கலாவதி எழுந்து ஓடுவாள். கைலாசம் தறிக்குழியிலிருந்து ஏறி வருவார். நான்தான் அவர்களைத் தடுத்தேன். கூப்பிடுகிறவர் கூப்பிடட்டும், திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது என்றேன். ஒரு மாதத்தில் அவர்களுக்குக் காது பழகிவிட்டது. அக்கம்பக்கத்துக்கும்தான்.

அவர் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. "குளத்துக்குள்ள படுத்திருக்கற அத்தி வரதருக்கே நீங்க அரை டம்ளர்தான் அளப்பீங்க போலக்குது, அத்தை" என்றார் ஒருநாள். எனக்கே சிரிப்பு வந்தது. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அந்தச் சண்டைக்கு மறுநாள் கட்டு மாற்றும்போது, கலாவதி சொல்வதும் நியாயம்தான் என்று மயில்வாகனம் என்னிடம் சொன்னார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தம்பியின் கிட்னியை எடுத்து அண்ணனுக்கு வைக்க ஐப்பசியில் நாள் குறித்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் போனபோது கலாவதிக்கு மூன்று வயது. அந்த வருஷங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பாவு நீட்டினோம். வெயில் ஏறுவதற்குள் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். நடுவில் ஒருவர் கையை விட்டாலும் இழை சிக்கி, மாதக்கணக்கான வேலை வீணாகிவிடும். அதனால் யார் கூப்பிட்டாலும் யாரும் போவதில்லை. வீட்டுக்குள் மயில்வாகனம் மட்டும்தான். பிடித்து நிறுத்தாமல் அவரால் எழுந்து நிற்க முடியாது.

ஐந்து மணிக்கே அவருக்குக் கட்டு மாற்றிவிட்டேன். குழாயை வழக்கம்போல் அழுத்திச் செருகினேன். பிறகு எங்கள் வாசலுக்கு நேராக நின்று பாவைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறரை மணி இருக்கும். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தெருக்கோடியில் கைலாசம் தலையைத் தூக்கினார்.

"அண்ணன் இன்னாவோ சொல்றாரே, அத்தை?"

"தண்ணி கேக்கறாரு. எட்டு ஆவட்டும். நீங்க கைய விடாதீங்க, மாப்ள."

அவர் விடவில்லை. உள்ளே இரண்டாம் தடவை கூப்பிட்டபோது, கஞ்சி தடவிக்கொண்டிருந்த ஒருத்தி, இந்த எட்டு மணி வந்தால்தான் இவருக்கு விடியும் என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை குரல் தணிந்திருந்தது. ஏழரைக்குப் பாவைச் சுருட்டினோம். ஓர் இழைகூடச் சிக்கவில்லை.

உள்ளே போனபோது குழாய் கழன்று, உயிர் போயிருந்தது. அவருடைய வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தது. அப்படிப் பிடித்ததால்தான் மூன்று தடவை கூப்பிட நேரம் கிடைத்திருக்கிறது. கைலாசம் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் போனால் தாகம் எடுக்கும் என்று நர்ஸம்மா பிற்பாடு சொன்னார். ஆகவே நான் சொன்னதும் முழுப் பொய் இல்லை.

கலாவதிக்குப் பையன் பிறந்தான். கைலாசம் அவனுக்கு அண்ணன் பெயரையே வைத்தார். இப்போது இரண்டு வயது. அவன் தண்ணீர் கேட்டால் அவர் தறியில் ஓட்டுகிற நாடாவை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார். மற்றபடி குடும்பம் நன்றாக இருக்கிறது.

குழாயை வழக்கம்போல் செருகினேன் என்று முன்னால் சொன்னேன். வாக்குமூலத்தில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். புரண்டு படுத்தால் கழலும்படி பாதிதான் செருகினேன். கிளிப் இரண்டும் பாவு பிடித்து முடிகிற வரைக்கும் என் இடுப்புச் செருகலில் இருந்தன. மறதி என்று எழுத வேண்டாம். எனக்கு மறதி கிடையாது.

வாசலுக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும்தான் வார்த்தை தெளிவாகக் கேட்டது. அவர் தண்ணீர் கேட்கவில்லை. மூன்று தடவையும் அதே கேள்விதான். அதில் கோபம்கூட இல்லை.

"அத்தை, கிளிப்ப எங்க வெச்சீங்க?"