மாதம்மாளிடம் யாரும் பேசவில்லை

சங்கு ஊதுகிறது. நீளமாக ஏறி நீளமாக இறங்குகிறது. ரங்கூன். 1941. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன். காலை வெயில். அடுப்பில் உலை கொதிக்கிறது. அரிசி இன்னும் போடவில்லை.

"படுங்க! கீழ படுங்க! வெளிய ஓடாதீங்க!"

யார் கத்தியது, தெரியாது. எல்லாரும் வெளியேதான் ஓடினோம். வானத்தில் விமானங்கள் பளபளத்தன. கையை நெற்றிக்குக் கொடுத்து வேடிக்கை பார்த்தவர்கள் நிறைய. பிறகு சீட்டிச் சத்தம். ஒன்று இல்லை, பல. மண் வாய்க்குள் போனது. எழுந்தபோது எதிர் வரிசை வீடுகள் இல்லை.

என் கணவர் பெருமாள் முந்தின வாரமே கையில் அடிபட்டு அன்று வீட்டில் இருந்தார். அவருடைய அண்ணன் சின்னசாமி துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார். திரும்பவில்லை. சின்னசாமியின் மனைவி மாதம்மாள் துறைமுகம் வரை போய்த் தேடினாள். அவருடைய தலைத்துண்டு மட்டும் கிடைத்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

இந்த மாதம்மாளுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு ஓரகத்தி. அக்கா என்று கூப்பிடுவேன். ஊரில் இன்றைக்கும் அவள் பேச்சு வந்தால் "பர்மா போயி புத்தி பேதலிச்சுப் போனவ" என்று சொல்கிறார்கள். பொய். பச்சைப் பொய். பர்மாவிலிருந்து முழுப் புத்தியோடு நடந்து வந்தாள். பக்கத்தில் நடந்தவள் நான்.

புரோம் வரை வண்டி. ஆற்றைத் தாண்டி மலைப்பாதை. தாங்கூப் போகிற பாதை. ஆயிரக்கணக்கில் ஜனம். தண்ணீர் இல்லை. இருந்த தண்ணீரில் காலரா. பாதையோரம் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே செத்திருந்தார்கள். ஈயின் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். கேட்டால் மூக்கை மூடிக்கொள்வோம்.

மாதம்மாள் பேசினாள். சின்னசாமி உயிரோடு இருந்தபோது அவளுக்கு வைத்த பெயர் கிராமபோன் பெட்டி. சாவி கொடுக்காமலே பாடும் என்பார். புருஷன் செத்தும் பெட்டி நிற்கவில்லை. அழுவாள், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுப் பேசுவாள். முன்னால் நடப்பவர், பின்னால் வருபவர், தெலுங்கர், ஒரியாக்காரர், யாரானாலும் பிடித்துக்கொள்வாள். "உங்க ஊர்ல களிக்கு என்னாங்க தொட்டுக்குவீங்க?" என்று கேட்பாள். களியே தெரியாதவர்களிடமும் கேட்பாள். அவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சொல்வார்கள். இவள் அது சரியில்லை, இப்படி வைக்கணும் என்று சண்டைக்குப் போவாள். சிரிப்பார்கள். பதில் சொல்லிக்கொண்டே அடுத்த மேடு ஏறிவிடுவார்கள்.

நான் கண்ணால் பார்த்தது இது. பசித்தவர் நடந்தார். காய்ச்சல்காரர் நடந்தார். பேச்சு நின்றவர் உட்கார்ந்தார்.

அண்ணன் செத்த நாளிலிருந்து பெருமாள் பேசவில்லை. மலையில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். காலில் புண் இல்லை. பேதி இல்லை. மாதம்மாள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "தம்பி, களிக்கு என்னா வேணும், சொல்லுப்பா" என்று கேட்டாள். அவர் கண் எங்களைப் பார்க்கவில்லை. இழுத்தோம். அடித்தோம். பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. அவரை அங்கே விட்டோம்.

தாங்கூபில் படகு. அக்யாப். சிட்டகாங். கல்கத்தா. மதராஸ். ஒவ்வொரு இடத்திலும் கஞ்சி ஊற்றினார்கள். ஊசி போட்டார்கள். எனக்கு மலைக்காய்ச்சல். ரயிலில் மாதம்மாள் மடியில் கிடந்தேன். ஜோலார்பேட்டை தாண்டியதும் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. "முனி, புளியமரத்தப் பாரு. கரட்டப் பாரு. வந்துட்டோம்டி." மொரப்பூரில் இறங்கி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பங்குனி வெயில். அங்கிருந்து எங்கள் ஊருக்கு நடை. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லைக் கல்லுக்கு இருபது முழம் முன்னால் சத்தம் வருகிறது.

"அங்கயே நில்லு! எல்லயத் தாண்டாத! காப்புக் கட்டியாச்சு!"

தடியோடு ஆட்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். அவர்களுக்கு நடுவில் கோவிந்தன். மாதம்மாளின் கூடப் பிறந்த அண்ணன். அப்பா அம்மா இல்லாத தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். வாய் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் ஓடியது.

பயம் நியாயமானதுதான். அதை நான் மறுக்கவில்லை. பர்மாவிலிருந்து வருபவர்கள் காலராவைக் கொண்டுவருகிறார்கள் என்று சந்தைக்குச் சந்தை பேச்சு. முந்தின காலராவில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் விளக்கேற்ற ஆளில்லாமல் போனது. அதனால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் வெளியாள் உள்ளே தங்கக் கூடாது. எல்லா ஊரிலும் இருப்பதுதான். எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. வெளியே நிற்பவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. காவல் ஆட்கள் மட்டும் விரட்ட வாய் திறக்கலாம். பேச்சைப் பிடித்துக்கொண்டு நோய் உள்ளே வந்துவிடும். பேசினவருக்கு மட்டும் இல்லை, யாரிடம் பேசினார்களோ அவருக்கும் அம்மன் இறங்கிவிடும். அதாவது, பேசினால் மாதம்மாள் செத்துப்போவாள். கோவிந்தன் இதை முழுதாக நம்பினார்.

ஆளுக்கு ஒரு கொட்டாய் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே கொட்டாயில் இருந்தால் ஒருத்தி நோய் இன்னொருத்திக்கு வரும் என்று. காய்ச்சல்காரியான எனக்குக் கரட்டோரம். கல்லும் முள்ளுமான இடம். மாதம்மாளுக்கு ஏரிக்கோடியில். வேப்பமர நிழல், பக்கத்தில் கிணறு. அண்ணன் கேட்டு வாங்கிக் கொடுத்த இடம். நடுவில் வறண்ட ஏரி. கத்தினால் பாதிச் சொல் காற்றில் போய்விடும்.

சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. களி உருண்டை, அவரைக் குழம்பு, தயிர். கோவிந்தன் கோழி அடித்துக்கூடக் கொண்டுவந்தார். கல்லின் மேல் தட்டை வைப்பார். இன்னொரு கல்லால் தட்டைத் தட்டுவார். டங். டங். திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். மறுநாள் வந்து காலித் தட்டை எடுத்துக்கொண்டு புதுத் தட்டை வைப்பார். எனக்கும் அப்படியே ஒரு பங்காளி வைத்தான்.

முதலில் மாதம்மாள் எல்லைக்கு ஓடி ஓடி வந்தாள். "அண்ணா, ஒரு வார்த்த பேசுண்ணா! திட்டவாவது திட்டுண்ணா!" கரட்டில் படுத்திருந்த எனக்கே அது கேட்டது. கோவிந்தன் காதில் விழாமலா இருக்கும்? முதுகு நிற்கும். பிறகு போய்விடும்.

நான் ஏன் பிழைத்தேன் என்று சொல்ல வேண்டும். என் கொட்டாயை ஒட்டி ஆட்டுப் பாதை. சென்னம்மா என்று ஒரு கன்னடக்காரி ஆடு ஓட்டி வருவாள். அவர்கள் குடி தனி, சாமி தனி. காப்பு அவர்களைக் கட்டாது. முதல் நாளே கொட்டாய் வாசலில் நின்று, "ஏனம்மா, ஊட்டா ஆயித்தா?" என்றாள். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். நான் அழுதேன். "அழுறதுக்கு முந்தி தின்னு" என்றாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தின்றேன். தினமும் வந்தாள். ஆட்டைத் திட்டுவாள், மருமகளைத் திட்டுவாள், கடைசியில் என்னைத் திட்டுவாள். அவள் வருகிற நேரம் பார்த்துத் தலை சீவ ஆரம்பித்தேன். காய்ச்சல் விட்டது. மருந்து ஒன்றும் இல்லை.

"அக்காகிட்டயும் போயிப் பேசும்மா," என்று கெஞ்சினேன். ஏரிக்கோடிப் பக்கம் ஊர்க் கொல்லை, ஆடு போகக் கூடாத இடம். ஆனாலும் போனாள். ஏரிக்கரை மேல் நின்று அதே கேள்வியைக் கத்தினாள். நான் இங்கிருந்து பார்க்கிறேன். கொட்டாயிலிருந்து ஓர் உருவம் வெளியே வருகிறது. முந்தானை அவிழ்ந்து தரையில் இழுபட ஓடுகிறது. விழுந்து எழுந்து ஓடுகிறது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறது. பேச்சு அத்தனையும் இத்தனை நாள் சேர்த்து வைத்தது. அடுத்த நிமிடம் காவல் ஆட்கள்.

"ஏய்! இங்க வராத! வந்தா கரட்டு மேய்ச்சலும் இல்ல, பாத்துக்க!"

மண்கட்டி பறந்தது. சென்னம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது. மாதம்மாள் கரையடியில் நின்றுகொண்டே இருந்தாள். வெயில் சாயும் வரை நின்றாள்.

அதன் பிறகு அவள் எல்லைக்கு வருவது குறைந்தது. வேப்பமரத்தோடு பேசினாள். பிறகு மரத்தோடும் இல்லை. பகலெல்லாம் கொட்டாய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரியும். நான் ஏரிக்குள் இறங்கி நடந்தேன். நடு ஏரியில் வழி மறித்தார்கள். "தாண்டுனா ரெண்டு பேருக்கும் மொதல்லருந்து காவலு!" என்றார்கள். அவளுக்கு இன்னும் நாள் கூடிவிடுமே என்று பயந்து திரும்பினேன். திரும்பியதற்கு என்னைத் திட்டிக்கொள்ள மாட்டேன். தடி வைத்திருந்தவன் நான் இல்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். கோவிந்தன் தட்டை வைத்துவிட்டுப் போகிறார். மாதம்மாள் எழுந்து வரவில்லை. நாய் வருகிறது. தட்டை நக்கிச் சுத்தமாக்குகிறது. மறுநாளும் நாய். கோவிந்தன் காலித் தட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிறார். தங்கச்சி நன்றாகச் சாப்பிடுகிறாள். நான் கரட்டிலிருந்து கத்தினேன். "நாயி திங்குது! அண்ணா, நாயி திங்குது!" என்னைப் பார்த்தவர் காதில் விரலை விட்டுக்கொண்டு ஓடினார். என் பேச்சும் நோய்தானே. சென்னம்மா காவல்காரர்களிடம் போய்ச் சொன்னாள். ஆட்டுக்காரிக்கு எங்கள் சாமி காரியம் என்ன தெரியும் என்றார்கள்.

வைகாசி. கூழ் ஊற்றினார்கள். பம்பைச் சத்தம் காலையிலிருந்து. காப்பு அவிழ்ந்தது. கோவிந்தன் முதல் ஆளாக ஓடி வருகிறார்.

"மாதூ! மாதூ! வூட்டுக்கு வா ஆத்தா! எல்லாம் முடிஞ்சுது!"

நானும் ஏரியைக் குறுக்கே கடந்து ஓடினேன். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது. கன்னத்து எலும்பு வெளியே தெரிந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து தரையில் கிடந்தது. கோவிந்தனை அடையாளம் தெரிந்ததா, தெரியாது. என்னைப் பார்த்தாள். அதே பார்வை. பாறையில் உட்கார்ந்த பெருமாளின் பார்வை.

வீட்டுக்குத் தூக்கிப் போனோம். இப்போது ஊரே பேசியது. வாசல் நிறையப் பெண்கள். பழைய கதை, கேலி, பாட்டு, ஒப்பாரி. காப்புக் கட்டிய வாய்கள் எல்லாம் திறந்துகொண்டன. கூட்டத்தைக் கண்டால் மாதம்மாள் மூலைக்கு ஒதுங்கினாள். தூக்கம் இல்லை. வாயில் ஊட்டினால் வழிந்துவிடும். நான் கேட்டேன். "அக்கா, களிக்கு என்னா தொட்டுக்கலாம்?" உதடு அசைந்த மாதிரி இருந்தது. சத்தம் இல்லை.

மாட்டு வண்டியில் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், நாக்கைப் பார்த்தார். காலரா இல்லை, மலேரியா இல்லை என்றார். இருதயம் ரொம்பப் பலவீனம், எப்படி இப்படி ஆனாள் என்று கேட்டார். கோவிந்தன் சொன்னார். "நாங்க ஒரு குறையும் வெக்கலீங்க. தெனமும் சோறு வெச்சோமுங்க. பேசல, அவ்ளோதாங்க." டாக்டர் பேனாவை எடுத்தார். மருந்து எழுதிக் கொடுத்தார்.

மாதம்மாள் ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் இறந்தாள். வெளியே தெருவில் உப்பு விற்பவன் கூவிக்கொண்டு போனான். கோவிந்தன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். மூச்சு நின்றது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார். அந்த ஆளை வெறுக்க முயன்றேன். முடியவில்லை. ஊரை வெறுக்க முடிந்தது. இன்றைக்கும் முடிகிறது.

போனது இவ்வளவு.

ரங்கூன் வீடு ஒன்று. பித்தளைக் குடம் இரண்டு. என் தாலிக்கொடி, சிட்டகாங்கில் கஞ்சிக் கூட்ட நெரிசலில். மாதம்மாளின் கம்மல், மலையில் தண்ணீருக்கு.

சின்னசாமி, முப்பத்திரண்டு வயது. ரங்கூன் துறைமுகத்தில், குண்டுக்கு.

பெருமாள், இருபத்தெட்டு வயது. தாங்கூப் மலைப்பாதையில். எந்த நாளில் செத்தார் என்று தெரியாது.

அந்த வருடம் எங்கள் ஊரில் காலராவுக்குப் போனவர் யாரும் இல்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று அடுத்த வைகாசியில் இன்னும் பெரிதாகக் கூழ் ஊற்றினார்கள்.

மாதம்மாள், இருபத்தாறு வயது. ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு.