மதிலுக்கு உள்ளே ஓர் இடம்

எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும், நீதிபதிகளே. அதிலும் பூண்டு தட்டிப் போட்ட பயற்றுக் கஞ்சி. அங்கே ஆயுள் முழுக்க இலவசமாக உண்ணும் உரிமையைக் கண்டவருக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டோம். பாலெமோனுக்குக் கொடுத்தோம்.

கொடுக்காமல் இருப்போமா? மழை பொய்த்த இரண்டு வருடமும் எகிப்திலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வரவழைத்து ஊரின் வயிற்றை நிரப்பியவர் அவர். பேரவை கூடிப் பொன்முடி, வெண்கலச் சிலை, நாடக அரங்கில் முன்வரிசை என்று வாரி வழங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்தபின் மதிலுக்கு உள்ளேயே சமாதி. செத்தவர்களை ஊருக்குள் புதைப்பது எங்கள் வழக்கமில்லை. செத்தும் ஊரைக் காப்பவருக்கு மட்டுமே அந்த இடம். பேரவை எழுத்தன் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியவன் நான். பிழை வராமல் பக்கத்திலேயே நின்று கல்லில் வெட்டச் செய்தேன்.

இந்த வசந்தத்தில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நிகாண்டர், நான் அக்கரைக்குப் போறேன்பா. அங்க கட்டிக்கொடுத்த மக கிளைனோகூட இருந்து அங்கயே கண்ண மூடிக்கிறேன்."

"அண்ணே, கல்லுலயே வெட்டியாச்சே. உங்க இடம் இங்கதான்."

"கல்லுக்கென்னடா, இன்னொரு வரி வெட்டிட்டாப் போச்சு. சிலைய வச்சுக்குங்க, என் எலும்ப விட்டுருங்க," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரைக்காரர்கள் எங்கள் பரம எதிரிகள். அவர் அந்த மண்ணில் கிடந்தால் அவருடைய காவல் யாருக்குப் போகும்? பயந்துபோனேன், மறைக்கவில்லை. மூன்று முறை கெஞ்சிப் பார்த்தேன். அவர் மூட்டை கட்டிவிட்டார்.

படகேறுவதற்கு முந்தைய நாள் மதியம் மண்டபத்தில் அவருக்கு விருந்து. அவர் கஞ்சியில் நச்சுச் செடியின் சாற்றைக் கலந்தவன் நான்தான். முதலில் கால் மரத்தது, பிறகு இடுப்பு. கடைசிவரை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஊரே அழுதது. இளைஞர்கள் தோளில் சுமந்து போய் எரியூட்டி, எலும்பை மதிலுக்கு உள்ளே புதைத்தார்கள். தீர்மானத்தில் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை.

மூன்றாம் நாள் கிளைனோ ஒரு மண்தாழியோடு வந்து எலும்பைக் கேட்டாள். கல்வெட்டைக் காட்டினேன். வெகுநேரம் வாசித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா கடைசியா என்னங்க சொன்னாரு?"

"இந்த ஊர விட்டுப் போக மனசில்லன்னாரும்மா."

உண்மையில், நாக்கு மரக்கும் வரை அவர் அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. இவ்வளவு மரியாதை செய்த ஊருக்கு நன்றி இல்லாதவர் என்று அவரை யாரும் பேசிவிடக் கூடாது அல்லவா.